டிஸ்க்கின் சாவியை யாரிடம் கொடுப்பது? லினக்ஸ் கெர்னல் தரும் வழிகள், ஓர் ஒப்பீடு

"எங்கள் கண்காணிப்பு நிரல் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களைப் படிக்க வேண்டும். அதை ரூட்டாக ஓடவிட மனம் வரவில்லை. டிஸ்க் குரூப்பில் சேர்க்கலாமா, கேபபிலிட்டி கொடுக்கலாமா, கன்டெய்னருக்குள் அந்த டிவைஸை மட்டும் விடலாமா?"

(ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தானே தரும் அறிக்கை. ரூட் என்பது எல்லா அதிகாரமும் உள்ள பயனர். கேபபிலிட்டி அந்த அதிகாரத்தின் ஒரு துண்டு. கன்டெய்னர் என்பது நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி.) ஏறக்குறைய இதே கேள்வி வேறு வேறு உருவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவருக்கு பேக்கப் நிரல் பார்ட்டிஷனை நேரடியாகப் படிக்க வேண்டும். இன்னொருவருக்கு விர்ச்சுவல் மெஷினுக்குள் ஒரு டிஸ்க்கை அப்படியே கொடுக்க வேண்டும். வேறொருவர் சோதனைக் கூடத்தில் புது என்விஎம்இ டிஸ்க்குகளை அளந்து பார்க்கிறார். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஃபைல் சிஸ்டத்தின் தலைக்கு மேல் தாவி டிஸ்க்கோடு நேராகப் பேச வேண்டும், ஆனால் முழு ரூட்டாகிவிடக் கூடாது.

தேர்வுக்குப் போகும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உண்மையில் டிஸ்க்கைத் தொட வேண்டுமா? டிஸ்க்கின் வெப்பநிலை மட்டும்தான் தேவை என்றால், 5.6 கெர்னலிலிருந்து ‘டிரைவ்டெம்ப்’ என்ற மாட்யூல் சாட்டா டிஸ்க்கின் வெப்பநிலையை சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் அடைவில்) ஒரு சாதாரணக் கோப்பாகவே காட்டுகிறது. என்விஎம்இ டிரைவர் அதற்கு ஒரு பதிப்பு முன்பே இதைச் செய்யத் தொடங்கிவிட்டது. எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத பயனரும் படிக்கலாம். கேட்டு வந்தவர்களில் சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிட்டது. மற்றவர்கள் மேலே படிக்கவும்.

## பூட்டு எங்கே இருக்கிறது?

ஒரு நிரல் டிஸ்க்கைத் தொடுவதற்குள் மூன்று இடங்களைத் தாண்டுகிறது. முதலாவது பெயர்: /டெவ் அடைவில் ‘எஸ்டிஏ’ என்று இருக்கும் அந்தப் பெயருக்கு உரிமையாளர், குரூப், அனுமதி எல்லாம் உண்டு. இரண்டாவது திறப்பு: அந்தப் பெயரைப் படிக்கவோ எழுதவோ திறக்கும் கணம். மூன்றாவது கட்டளை: திறந்த பிறகு உள்ளே அனுப்பும் வேலை.

மூன்றாவதில்தான் சிக்கல். வழக்கமான படிப்பும் எழுத்தும் கெர்னலின் பிளாக் அடுக்கு வழியாகப் போகும். ஆனால் டிவைஸுக்கு நேராக உத்தரவு அனுப்ப ஐஓசிடிஎல் என்ற இன்னொரு வாசல் உண்டு. அதில் ‘எஸ்ஜி-ஐஓ’ என்ற அழைப்பில், ஸ்கஸி (டிஸ்க்குகளோடு பேசும் ஒரு கட்டளை மொழி) கட்டளையின் பைட்டுகளை நிரலே ஓர் உறையில் கட்டிக் கொடுக்க, கெர்னல் அதை டிஸ்க்கிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உறைக்குள் இருப்பது வெப்பநிலை விசாரிப்பாகவும் இருக்கலாம், மொத்தத்தையும் அழிக்கும் உத்தரவாகவும் இருக்கலாம்.

ஒரு காலத்தில் கெர்னல் அந்த உறையைப் பிரித்தே பார்க்கவில்லை. சிடி டிரைவைப் படிக்கத் திறக்க முடிந்தவர், அதன் ஃபர்ம்வேரைக் கெடுக்கும் கட்டளையையும் அனுப்ப முடிந்தது. 2004 ஆகஸ்டில் வந்த 2.6.8 கெர்னல் உறையைத் திறந்து பார்க்கத் தொடங்கியது: படிக்கத் திறந்தவருக்கு இந்தக் கட்டளைகள், எழுதத் திறந்தவருக்கு இன்னும் சில, மீதியெல்லாம் ‘கேப்_சிஸ்_ராஐஓ’ (இனி ராஐஓ) என்ற கேபபிலிட்டி உள்ளவருக்கு மட்டும். மறுநாளே ரூட் அல்லாத பலருக்கு சிடி எழுத முடியாமல் போய், பட்டியலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியலின் வாரிசுதான் இன்றும் ஸ்கஸி அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது.

2011 இறுதியில் இன்னொரு ஓட்டை வெளிவந்தது, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2011-4127. ஒரு பார்ட்டிஷனைத் திறந்து எஸ்ஜி-ஐஓ அனுப்பினால் கட்டளை பார்ட்டிஷனின் எல்லைக்குக் கட்டுப்படாமல் முழு டிஸ்க்குக்கும் போனது. டிஸ்க்குக்கு பார்ட்டிஷன் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் கோடு கெர்னல் கிழித்தது. ஆகவே ஒரு பார்ட்டிஷனை மட்டும் பெற்ற விர்ச்சுவல் மெஷின், பக்கத்துப் பார்ட்டிஷனில் இருக்கும் இன்னொரு மெஷினின் தரவைப் படிக்க வழி இருந்தது. திருத்தம் வந்துவிட்டது. ஆனால் கவனியுங்கள்: ராஐஓ கேபபிலிட்டி உள்ளவருக்கு அந்தத் தடை இன்றும் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது?

நான் பார்ப்பவை இவை. எந்த இடத்தில் தடுக்கிறது: பெயரிலா, திறப்பிலா, கட்டளையிலா? படிப்பை மட்டும் அனுமதித்தால் எழுத்து உண்மையிலேயே நிற்கிறதா? தவறு நடந்தால் சேதம் ஒரு டிஸ்க்கோடு நிற்குமா, இயந்திரம் முழுவதுமா? ரூட்டின் கைத்தவறுக்கும் அணை போடுமா? கடைசியாக, ஆறு மாதம் கழித்து, பேக்கேஜ் அப்டேட்டுக்கும் டிஸ்க் மாற்றலுக்கும் பிறகு, இந்த ஏற்பாடு அப்படியே நிற்குமா? இந்தக் கடைசியை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான ஏற்பாடுகள் விழுவது அங்கேதான்.

## வழி 1: டிஸ்க் குரூப்பில் சேர்த்துவிடுவது

ஒரே கட்டளை, ஒரே நிமிடம். அதனால்தான் இது இவ்வளவு பரவியிருக்கிறது.

டிவைஸ்களுக்குப் பெயரும் அனுமதியும் வைக்கும் யூடெவ், எல்லா பிளாக் டிவைஸ்களையும் (டிஸ்க், பார்ட்டிஷன் போன்றவை) ‘டிஸ்க்’ குரூப்பின் பெயரில், படிக்க எழுத இரண்டுக்கும் திறந்து வைக்கிறது. அந்தக் குரூப்பில் இருப்பவர் ‘டீபக்எஃப்எஸ்’ போன்ற கருவியால் ரூட் பார்ட்டிஷனைத் திறந்து, பாஸ்வேர்டு ஹேஷ்கள் இருக்கும் ‘ஷேடோ’ கோப்பைப் படிக்கலாம். கோப்பின் அனுமதியை யார் பார்க்கிறார்கள்? அதைப் பார்ப்பது ஃபைல் சிஸ்டம். இவர் அதற்குக் கீழே நிற்கிறார். எழுதவும் முடியும் என்பதால், இது ரூட் என்ற பெயர் இல்லாத ரூட். என்க்ரிப்ட் செய்த டிஸ்க் என்றும் நிம்மதியாக இருக்க முடியாது: இயந்திரம் ஓடும்போது திறந்த நிலையில் இருக்கும் மேப்பர் டிவைஸும் (என்க்ரிப்ஷன் நீங்கிய தரவைக் காட்டுவது) இதே குரூப்பிடம்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கேட்ட வேலைக்கு இது போதவும் போதாது. சாட்டா டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை எடுக்க, அதன் சொந்த மொழியான ஏடிஏ கட்டளையை ஸ்கஸி உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். 2004-இல் பிறந்த அந்த அனுமதிப் பட்டியலில் இந்த உறைக்கு இடமில்லை. ஆக, டிஸ்க் குரூப்பில் சேர்த்தவர் இயந்திரத்தின் எல்லா ரகசியத்தையும் படிக்கலாம், டிஸ்க்குக்குக் காய்ச்சலா என்று மட்டும் கேட்க முடியாது!

இதன் அடக்கமான தம்பி ஒன்று உண்டு. குறிப்பிட்ட சீரியல் எண் கொண்ட ஒரே டிஸ்க்கை மட்டும் ஒரு பயனருக்குக் கொடுக்கும் யூடெவ் விதி. சேதம் அந்த டிஸ்க்கோடு நிற்கும். அதில் இயங்குதளம் இல்லை, மற்றவர் தரவு இல்லை என்றால் இது நல்ல வழி. ‘எஸ்டிபி’ என்ற பெயரை நம்பி மட்டும் எழுதாதீர்கள். அது பூட் ஆகும் வரிசையில் கிடைக்கும் பெயர். நாளை வேறு டிஸ்க்குக்குப் போய்விடும்.

## வழி 2: கேபபிலிட்டி

"ரூட்டை உடைத்துத் துண்டாகக் கொடுக்கலாமே" என்பது கேபபிலிட்டியின் வாக்குறுதி. 2.2 கெர்னலிலிருந்து இருக்கிறது. வாக்குறுதி நல்லதுதான், துண்டுகளின் அளவுதான் கோளாறு.

ராஐஓ என்பது டிஸ்க்குக்கென்று வெட்டிய துண்டு அல்ல. வன்பொருளின் ஐஓ போர்ட்டுகளைத் தொடும் உரிமையும், நினைவகத்தை நேரடியாகக் காட்டும் ‘மெம்’ டிவைஸைத் திறக்கும் தகுதியும் அதே துண்டில் இருக்கின்றன. என்விஎம்இ டிஸ்க் என்றால் நிலைமை இன்னும் மோசம். 6.2 கெர்னலிலிருந்து சாதாரணப் பயனருக்கும் சில என்விஎம்இ கட்டளைகள் திறந்துவிடப்பட்டன: டிஸ்க் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கட்டளையும், படிப்பு எழுத்துக் கட்டளைகளும். ஆனால் ஸ்மார்ட் பதிவை எடுக்கும் கட்டளை அதில் இல்லை. அதற்கு ‘கேப்_சிஸ்_அட்மின்’ வேண்டும். மவுண்ட் செய்வது (ஃபைல் சிஸ்டத்தை ஓர் அடைவில் இணைப்பது) தொடங்கி எத்தனையோ வேலைகளைத் திணித்துவைத்த மூட்டை அது.

கேபபிலிட்டி மட்டும் இருந்தால் டிவைஸ் திறக்கவும் செய்யாது. பெயரின் அனுமதி தனி. ஆகவே பலர் ராஐஓவையும் கொடுத்து டிஸ்க் குரூப்பிலும் சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்த பிறகு ரூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

பராமரிப்புச் செலவும் உண்டு. ‘செட்கேப்’ கொண்டு, ஸ்மார்ட் விவரத்தை எடுக்கும் ஸ்மார்ட்சிடிஎல் நிரலின் மேலேயே கேபபிலிட்டியை ஒட்டினால், அதை ஓட்டக்கூடிய எல்லாப் பயனருக்கும் அந்தச் சக்தி கிடைக்கிறது. அடுத்த அப்டேட்டில் கோப்பு மாற, ஒட்டியதும் சத்தமில்லாமல் போய்விடும். நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில் இப்படித்தான் ஸ்மார்ட் வரைபடம் பல வாரம் நேர்கோடாகவே கிடந்தது. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கேபபிலிட்டிதான் வேண்டும் என்றால், சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் அந்த ஒரு சர்வீஸுக்கு மட்டும் ஆம்பியன்ட் கேபபிலிட்டியாக (நிரல் கோப்பில் ஒட்டாமல், ஓடும்போது கூடவே வருவது) கொடுங்கள். அப்டேட்டைத் தாண்டி நிற்கும், யாரிடம் இருக்கிறது என்பதும் ஒரே கோப்பில் தெரியும்.

## வழி 3: சிகுரூப்பின் டிவைஸ் வேலி

சிகுரூப் என்பது நிரல்களைக் குழுவாகக் கட்டி எல்லை வைக்கும் கெர்னல் வசதி. கன்டெய்னர்கள் நம்பியிருப்பது இதைத்தான். 2008-இல் 2.6.26-இல் வந்தது. இரண்டாம் தலைமுறை சிகுரூப்பில், 4.15 முதல், ஒரு பிபிஎஃப் நிரலாகவே (கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதப்படுகிறது. டாக்கரில் ‘டிவைஸ்’ என்று கொடுப்பதும், சிஸ்டம்டியில் டிவைஸ்அலவ் என்று எழுதுவதும் இறுதியில் இங்கேதான் வந்து விழுகின்றன. "பிளாக் டிவைஸ், மேஜர் 8, மைனர் 0, படிக்க மட்டும்" என்று விதி எழுதலாம். மேஜர், மைனர் இரண்டும் கெர்னல் ஒரு டிவைஸை அடையாளம் காணும் எண்கள்.

இதன் பெரிய பலம், உள்ளே ரூட்டாக இருப்பவரையும் தடுக்கும் என்பது. பலவீனம், இது திறப்பில் மட்டும் நிற்கும் காவல்காரர். உள்ளே போனபின் என்ன கட்டளை அனுப்புகிறீர்கள் என்று பார்ப்பதில்லை.

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் கண்காணிக்கும் கன்டெய்னருக்கு அடிக்கடி சொல்லப்படும் ஜோடி: டிவைஸ், கூடவே ராஐஓ. பாதுகாப்புக்காக டிவைஸைப் ‘படிக்க மட்டும்’ என்று போட்டுத் திருப்தி அடைகிறோம். ஆனால் ஸ்கஸி அடுக்கின் வடிகட்டி, ராஐஓ இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. இருந்தால் உடனே அனுமதி. எப்படித் திறந்தார், படிக்கவா எழுதவா என்ற கேள்விக்கே போவதில்லை. ஆகவே படிக்க மட்டும் திறந்த கைப்பிடி (திறந்த டிவைஸைச் சுட்டும் எண்) வழியாக எழுதும் கட்டளையும் போகும், டிஸ்க்கை அழிக்கும் ஏடிஏ கட்டளையும் போகும். வேலியும் சரி, துண்டும் சரி, தனித்தனியாக நியாயமாகவே இருக்கின்றன. சேர்த்ததும் முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதையாகிவிடுகிறது.

மறைந்த செலவுகள் இன்னும் இரண்டு. ஒரே டிஸ்க்குக்குப் பல பெயர்கள் உண்டு. ‘எஸ்டிஏ’ பிளாக் டிவைஸ், ஆனால் அதே டிஸ்க்கின் ‘எஸ்ஜி’ பெயர் மேஜர் 21 கொண்ட கேரக்டர் டிவைஸ். என்விஎம்இக்கும் அப்படி ஒரு கேரக்டர் டிவைஸ் இருக்கிறது. தடுப்புப் பட்டியல் எழுதுபவர் ஒன்றை அடைத்து மற்றொன்றை மறப்பார். எல்லாவற்றையும் மூடி, வேண்டியதை மட்டும் திறப்பதே சரி. இரண்டாவது, என்விஎம்இ டிஸ்க்குகளும் பார்ட்டிஷன்களும் மேஜர் 259-ஐப் பங்கிட்டுக்கொள்கின்றன. மைனர் எண் கண்டுபிடிக்கப்படும் வரிசையில் வருகிறது. எண்ணைக் கையால் எழுதிவைத்தால், ஒரு ரீபூட்டுக்குப் பிறகு வேலி வேறு வயலைச் சுற்றி நிற்கலாம்.

## வழி 4: நடுவில் ஒரு சிறு உதவியாளர்

கேட்பவரிடம் சாவியே கொடுக்காமல், ரூட்டாக ஓடும் ஒரு சிறு நிரலிடம் சாவியை வைத்து, அது குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்து விடையைத் தருவது. டெஸ்க்டாப்பில் யூடிஸ்க்ஸ் செய்வது இதுதான். யாருக்கு அனுமதி என்பதைப் போல்கிட் தீர்மானிக்கும்.

மிக அழகான எடுத்துக்காட்டு, விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் க்யூஇஎம்யூ என்ற நிரலில் இருக்கிறது. கிளஸ்டரில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் பகிர்ந்த டிஸ்க்கை முன்பதிவு செய்ய ஸ்கஸியின் ‘பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன்’ கட்டளைகளை அனுப்ப வேண்டும். அதற்கு ராஐஓ தேவை. விருந்தாளி இயந்திரத்தை (அந்த விர்ச்சுவல் மெஷினை) ஓட்டும் நிரலுக்கு அதைக் கொடுப்பதா? கொடுக்கவில்லை. பின்னணியில் ஓடும் ஒரு தனி உதவி நிரல் (டெமன்) எழுதினார்கள். திறந்த கைப்பிடியை யூனிக்ஸ் சாக்கெட் வழியாக க்யூஇஎம்யூ அதனிடம் நீட்டும். அது முன்பதிவுக் கட்டளைகளை மட்டும் அனுப்பும், வேறு எதையும் ஏற்காது. மூன்றாவது இடத்தில், கட்டளையில், நிற்கும் காவல்காரர் நமக்கு இப்படித்தான் கிடைக்கிறார்.

நமது ஸ்மார்ட் வேலைக்கு இவ்வளவுகூட வேண்டாம். ரூட்டின் டைமர் ஒன்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்மார்ட்சிடிஎல்லை ஓட்டி, விடையை ஜேசன் கோப்பாக ஓர் அடைவில் எழுதட்டும். கண்காணிப்பு நிரல் அந்தக் கோப்பைப் படிக்கட்டும். ரூட் சலுகையோடு ஓடும் கட்டளை மாறாது, வெளியிலிருந்து எந்த உள்ளீடும் அதற்குப் போகாது. தூங்கும் டிஸ்க்கை எழுப்பாமலிருக்கும் தெரிவு அதில் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

செலவு? விவரம் சில நிமிடம் பழையதாக இருக்கும். ஸ்மார்ட்டுக்கு அது பொருட்டே இல்லை. நொடிக்கு நூறுமுறை டிஸ்க்கோடு பேச வேண்டிய வேலைக்கு இந்த வழி ஒத்துவராது. சுடோ விதியில் ஸ்மார்ட்சிடிஎல்லுக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டு ‘எந்த வாதமும் சரி’ என்று விடுவது இந்த வழியின் பெயரில் நடக்கும் ஏமாற்று. அதே நிரலால் டிஸ்க்கின் அமைப்புகளையும் மாற்ற முடியும். வாதங்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

## வழி 5: மவுண்ட் ஆன டிஸ்க்கில் நேரடி எழுத்தைத் தடுப்பது

இது மற்றவற்றோடு போட்டியிடும் வழி அல்ல, எல்லாவற்றுக்கும் அடியில் விரிக்கும் வலை. ஒரு பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருக்கும்போதே அதன் பிளாக் டிவைஸில் நேராக எழுத லினக்ஸ் நெடுங்காலம் விட்டுவந்தது. டிஸ்க்கில் நேராக எழுதும் ‘டிடி’ கட்டளையில் ஓர் எழுத்துப் பிசகி ஓடும் சர்வரை இழந்தவர்களுக்கு இது தெரியும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் செக்யூர்லெவல் (பாதுகாப்பு நிலை) 1-இல் மவுண்ட் ஆன டிஸ்க்கின் நேரடி டிவைஸ் படிக்க மட்டும்தான். 2-க்கு உயர்த்தினால் எல்லா டிஸ்க்கும் அப்படியே. விண்டோஸும் விஸ்டா காலத்திலேயே, வால்யூமைப் பூட்டாமல் அதன் செக்டர்களில் எழுதுவதைத் தடுத்துவிட்டது.

லினக்ஸுக்கு இது 2024 மார்ச்சில் 6.8-இல் வந்தது. மவுண்ட் ஆன டிவைஸை எழுதத் திறப்பதை, கேட்பவர் ரூட்டானாலும், மறுக்கும். ஏற்கெனவே ஒருவர் எழுதத் திறந்து வைத்திருந்தால் மவுண்ட்டையே மறுக்கும். வெளியே வரும்போது இந்தத் தடை அணைந்த நிலையில்தான் இருக்கிறது. கெர்னலைப் புதிதாகக் கம்பைல் செய்யவும் வேண்டாம், பூட் வரியில் (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரி) ஒரு தெரிவை 0 என்று வைத்தால் போதும்.

எதைப் பிடிக்காது என்பதும் முக்கியம். ஸ்கஸி கட்டளையாகப் போகும் எழுத்தைப் பிடிக்காது. பார்ட்டிஷனைப் பூட்டும், ஆனால் அதைச் சுமக்கும் முழு டிஸ்க்கின் பெயரைப் பூட்டாது. ஓடும் ஈஎக்ஸ்டி4-இல் ‘ட்யூன்2எஃப்எஸ்’ மூலம் சிலவற்றை மாற்றுவது, படிக்க மட்டும் மவுண்ட் ஆன ரூட்டில் ‘எஃப்எஸ்செக்’ ஓட்டுவது போன்ற பழக்கங்கள் முறியலாம். எதிரியைத் தடுக்கும் சுவர் என்று இதை எண்ண வேண்டாம். கைத்தவறைத் தடுக்கும் கைப்பிடிச் சுவர் என்று எண்ணலாம்.

## எஸ்இலினக்ஸ், செக்காம்ப், லேண்ட்லாக்

இவை நிரல்கள் செய்யக்கூடியவற்றுக்கு எல்லை வைக்கும் கெர்னல் வசதிகள். சுருக்கமாகவே சொல்கிறேன். எஸ்இலினக்ஸ் எந்த ஐஓசிடிஎல் எண் செல்லலாம் என்று விதி வைக்கும்; ஆண்ட்ராய்ட் இதைப் பெரிதாகப் பயன்படுத்துகிறது. லேண்ட்லாக்கில் 6.10 முதல் டிவைஸ் ஐஓசிடிஎல்லுக்கென்று தனி உரிமை வந்தது. செக்காம்ப்பாலும் எண்ணைப் பார்க்க முடியும். மூன்றுக்கும் ஒரே எல்லை: எஸ்ஜி-ஐஓ என்ற உறையின் முகவரியைப் படிக்கும், உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்காது. உறையே வேண்டாம் என்று மொத்தமாக மறுக்க மிக நல்லவை. "இந்தக் கட்டளை சரி, அது கூடாது" என்று பிரிக்க உதவாது.

## ஒரே பார்வையில்

| வழி | நிற்கும் இடம் | ‘படிக்க மட்டும்’ நம்பலாமா | ரூட்டைத் தடுக்குமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| டிஸ்க் குரூப் | பெயர் | இல்லை, எழுத்தும் சேர்ந்தே வரும் | இல்லை | ரூட்டுக்குச் சமம் |
| ஒரு டிஸ்க்குக்கு யூடெவ் விதி | பெயர் | ஆம், ராஐஓ இல்லாதவரை | இல்லை | டிஸ்க் மாறினால் விதியும் மாற வேண்டும் |
| கேபபிலிட்டி | கட்டளை, ஆனால் திறந்துவிடும் பக்கம் | இல்லை | இல்லை | துண்டு மிகப் பெரிது, அப்டேட்டில் உதிரும் |
| சிகுரூப் வேலி | திறப்பு | ஆம், ராஐஓ இல்லாதவரை | உள்ளிருக்கும் ரூட்டை ஆம் | பல பெயர்கள், மாறும் எண்கள் |
| உதவியாளர் | கட்டளை | ஆம் | பொருந்தாது | எழுதிப் பராமரிக்க வேண்டும், சற்றுத் தாமதம் |
| மவுண்ட் எழுத்துத் தடை | திறப்பு | பொருந்தாது | ஆம் | சில பழைய கருவிகள் முறியும் |

## யாருக்கு எது?

ஸ்மார்ட் கண்காணிப்புக்கு யோசிக்கவே வேண்டாம், நான்காம் வழியின் டைமரும் கோப்பும். கன்டெய்னரில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் ராஐஓவை அந்தக் கன்டெய்னருக்குக் கொடுக்காமல், கோப்பு இருக்கும் அடைவை உள்ளே மவுண்ட் செய்யுங்கள்.

பார்ட்டிஷனை நேராகப் படிக்கும் பேக்கப்புக்கு சிஸ்டம்டி சர்வீஸ், தனிப் பயனர், அந்த ஒரு டிவைஸுக்குப் படிக்கும் உரிமை மட்டும், கேபபிலிட்டி எதுவும் கிடையாது. ஆனால் பேக்கப் பயனருக்கு அந்த பார்ட்டிஷனின் எல்லாக் கோப்பும் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டே செய்யுங்கள். ‘படிக்க மட்டும்’ என்பது தரவு கெடாமல் காக்கும், ரகசியத்தைக் காக்காது. ஓடும் பார்ட்டிஷனைப் படித்தால் படம் கலங்கலாக வரும் என்பதால் எல்விஎம் ஸ்னாப்ஷாட்டை (ஒரு கணத்தில் உறையவைத்த நகலை) படிக்கக் கொடுப்பது மேல்.

விர்ச்சுவல் மெஷினுக்கு, பார்ட்டிஷனை ஸ்கஸி பாஸ்த்ரூவோடு (விருந்தாளியின் கட்டளையை அப்படியே டிஸ்க்குக்கு அனுப்பும் முறை) கொடுப்பதைத் தவிர்த்துவிட்டு, எமுலேட் செய்த டிஸ்க்காகக் கொடுங்கள். விருந்தாளியின் கட்டளையை க்யூஇஎம்யூ வாங்கி, தானே படித்து எழுதும். உறை டிஸ்க்கை எட்டாது. கிளஸ்டர் முன்பதிவு தேவைப்பட்டால் மட்டும் முழு டிஸ்க், பாஸ்த்ரூ, அந்த உதவி டெமன்.

சோதனைக் கூடத்துக்கு, அளக்கும் டிஸ்க்கின் சீரியல் எண்ணை வைத்து யூடெவ் விதி, இயங்குதளம் வேறு டிஸ்க்கில், பூட் வரியில் 6.8 கெர்னலில் வந்த அந்த எழுத்துத் தடை. தடை பார்ட்டிஷனைத்தான் காக்கும் என்பதால், இயங்குதள டிஸ்க்கின் முழுப் பெயரைச் சோதனைப் பயனர் தொடாதபடி டிஸ்க் குரூப்பிலிருந்து அவரை எடுத்துவிடுங்கள். சோதனைப் பயனர்கள் எப்படியோ எப்போதும் அதில் இருக்கிறார்கள்.